ஃபஸ் பெடலில் ஒரு விசில்

பின்னறையில் உட்கார்ந்து பெடல் செய்பவன் தம்பி. அதை வாசித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்பவள் அக்கா. கிட்டாருக்கும் அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே தரையில் கிடக்கும் கையகலப் பெட்டிதான் பெடல். காலால் ஒரு மிதி மிதித்தால் போதும், பரம சாதுவாக இருந்த கிட்டார் சண்டைக்கு நிற்கும். தம்பி செய்த முதல் பெடல் மிதித்த மாத்திரத்தில் புகைந்துபோனது. அன்றிலிருந்து கிட்டார்காரர்கள் மத்தியில் அவன் பெயர் புகை. அக்காவின் பெயர் பாம்புக்காது. கேலியாக வைத்தார்கள், போகப் போக அதுவே மரியாதையாகிவிட்டது.

அவர்கள் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. அவள் பெடல்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசிப்பாள். அவன் பின்னால் குந்தியிருந்து ஒவ்வொன்றாக அமுக்குவான். எந்தப் பெட்டி ஓடுகிறது என்று தெரியாமலே அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். "இதுல கீழ்க்கம்பி சேறா இருக்கு", "இதை நிறுத்து, பல் கூசுது" என்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான். தன் காதைப் பற்றித் தம்பிக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட ‘என்ன?’ என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கிற ஆசாமி.

இந்த முறை அவன் செய்திருந்தது இரண்டு. ஒன்று ஓவர்டிரைவ். கத்திக் கத்திப் பேசித் தொண்டை கட்டினாலும் வார்த்தை தெளிவாக விழுகிறவர்கள் உண்டல்லவா, அந்தக் குரல். மற்றது ஃபஸ். அதில் வார்த்தையெல்லாம் கிடையாது, முரட்டுத் துணியை நீளமாகக் கிழிக்கிற சத்தம்தான். ஓவர்டிரைவ் நன்றாகவே இருந்தது. ஆனால் ஃபஸ்தான் அவன் ஆயுசுக்கும் செய்ததிலேயே உசத்தி. இன்று மதியம் கடைக்காரர் வந்து இரண்டையும் எடுத்துப் போவதாக ஏற்பாடு. சின்னப் பட்டறைக்காரர்கள் நாலைந்து பேருடைய பெட்டிகளைத் துணி போட்டு மூடி, ஒரே கிட்டாரில் ஒரே ஆம்ப்பில் வாசித்து ஒப்பிடுவார். ஜெயித்தவனின் பெட்டி கடையின் முன்வரிசைக்குப் போகும். தோற்றால் தம்பி பழையபடி ரேடியோ ரிப்பேருக்குப் போக வேண்டியதுதான்.

எல்லாம் சரி, அந்த ஃபஸ்ஸில் ஒரு விசில் இருந்தது.

மெல்லிய, ஊசி மாதிரியான விசில். ஃபஸ்ஸை முதன்முதலில் வாசித்த அன்றே அவள் சொல்லிவிட்டாள். ஃபஸ் என்றால் கொஞ்சம் கீச்சிடத்தான் செய்யும் என்று தம்பி முதலில் சமாதானம் சொன்னான். பிறகு வயரை மாற்றினான், அடாப்டரைத் தூக்கிப்போட்டு பேட்டரி போட்டான், டிரான்சிஸ்டரைப் பிடுங்கி வேறு வைத்தான். விசில் போகவில்லை. தம்பிக்குத் தூக்கம் போயிற்று. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது.

பற்றவைக்கிற சால்டர் ஈயம் தீர்ந்துவிட்டதென்று அவன் கடைக்குப் போன நேரத்தில், பெடல் செய்கிற அடுத்த தெருக்காரனிடம் முன்பு வாங்கிவைத்திருந்த ஃபஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அவள் தனியாக உட்கார்ந்தாள். சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த அறை. கதவைச் சாத்தினால் தெரு காணாமல் போய்விடும். தம்பியின் ஃபஸ்ஸை மிதித்தாள். விசில். அடுத்த தெருக்காரனுடையதை மிதித்தாள். அதிலும் விசில். 'சபாஷ், அவனுக்கும் இதே வியாதியா' என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள், பாவம். ஓவர்டிரைவை மிதித்தாள். விசில். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கிட்டாரை நேராக ஆம்ப்பில் சொருகினாள். விசில்.

ஆம்ப்பை அணைத்தாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. விசில் அணையவில்லை.

அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை அழுத்திப் பொத்தினாள். விசில் கூடியது. வலது பக்கம்தான் அதிகம். அவள் மேடையில் வாசித்த வருஷமெல்லாம் டிரம்ஸ்காரனின் வெண்கலத் தட்டு அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் மோதிக்கொண்டிருந்தது. எழுந்து கதவுவரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். பயம் என்றால் சாதாரணப் பயமில்லை. திருடன் வந்தால் கத்தலாம், நெருப்பு என்றால் ஓடலாம். இது தலைக்குள்ளேயே குடியேறியிருக்கிறது. எங்கே ஓடுவது? இது இப்படியே வளர்ந்தால், இந்தக் கீச்சை விட்டு வேறெதுவும் கேட்காமல் போனால்? இந்தக் காது இல்லாவிட்டால் இந்த வீட்டில் தான் யார்?

கதவு திறந்தது. புகை ஒரே குஷியாக, கதவைச் சாத்தாமலே உள்ளே வந்தான்.

"அக்கா, பிடிச்சிட்டேன்! காலையில நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வாசிச்சுப் பார்த்தேன். எனக்கும் கேட்டுச்சு!"

"என்ன கேட்டுச்சு?"

"விசில்தான். இத்தனை நாளா என் மரமண்டைக்கு எட்டல. நீ சொன்ன அதே இடம். மேல் சத்தத்தையே கொஞ்சம் அமுக்கிடலாம்னு ஒரு கெப்பாசிட்டர் வச்சிருக்கேன், ஒரு கால்தான் பாக்கி."

அவன் சால்டரை உருக்கி அந்தக் காலையும் ஒட்டி, பெட்டியை மூடி, ஆம்ப்பைப் போட்டான். அவள் திரும்பி உட்கார்ந்தாள். முதல் தடவை கம்பி தப்பிற்று. இரண்டாம் தடவை வாசித்தாள். துணி கிழியவில்லை. யாரோ போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகுகிற மாதிரி இருந்தது. அந்த உசத்தியான ஃபஸ் செத்துப்போயிருந்தது. விசில் மட்டும் ஜோராக இருந்தது.

"போச்சா?" என்றான் பின்னாலிருந்து.

போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாம்புக்காது பாம்புக்காதாகவே இருக்கலாம், இவன் அந்த ஃபஸ்ஸின் பிணத்தைப் போட்டிக்கு அனுப்புவான். இல்லை என்றால் இன்னும் அமுக்குவான். அவள் வாயைத் திறந்தாள்.

கூடத்தில் போன் அடித்தது. ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்தான். "கடைக்காரர் கிளம்பிட்டாராம். சொல்லுக்கா. நீ சரின்னா இப்படியே குடுத்துடலாம்."

சொல்ல வாய் வரவில்லை, கை போயிற்று. பக்கத்திலிருந்த ஆம்ப்பின் சுவிட்சை அணைத்தாள். அவள் தோள் மறைத்ததால் பின்னால் குந்தியிருந்தவனுக்குத் தெரியவில்லை.

"இப்ப உனக்குக் கேக்குதாடா?"

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு உற்றுக் கேட்டான். "ம்ம்... கேக்குது. லேசா. ஆமாக்கா, இன்னும் இருக்கு."

அவள் நகர்ந்துகொண்டாள். அணைந்த விளக்கை அவன் பார்த்தான். முதலில் அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது. "ஐயோ, நீ கேக்குதுன்னா எனக்கும் கேட்டுத்தானே ஆகணும்னு..."

"உனக்குக் கேக்கலை. எனக்குக் கேக்குது."

சிரிப்பு அப்படியே நின்றது.

"அந்தக் கெப்பாசிட்டரை வெட்டி எறி. உன் பெட்டியில எந்தக் குத்தமும் இல்ல, முன்ன இருந்தாப்பலயே குடு," என்றாள். "எனக்குப் பயமா இருக்குடா."

அவன் பெட்டியைத் தொடவில்லை. எழுந்துபோய் சால்டரிங் இரும்பின் பிளக்கைப் பிடுங்கினான். "இப்பவும் கேக்குதா?" என்றான். அவள் தலையாட்டினாள். மேஜை விளக்கைப் பிடுங்கினான். "இப்ப?" மின்விசிறியை நிறுத்தி, அது சுற்றி ஓயும்வரை காத்திருந்தான். "இப்பக்கா?" ஓடிப்போய் சமையலறைக் குளிர்பெட்டியை அணைத்துவிட்டு வந்தான். வாசலில் வண்டி நிற்கும் சத்தமும், கடைக்காரர் கதவைத் தட்டும் சத்தமும் கேட்டன. அவன் திறக்கப் போகவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை இறக்கி, நகத்தால் நெம்பி அதன் பேட்டரியையும் எடுத்தான்.

"இப்பவாச்சும்?"

"கேக்குதுடா."

பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தான். அணைப்பதற்கு அங்கே வேறெதுவும் பாக்கியில்லை.