இடது பக்க இருக்கை

தான் எதற்கு உம் கொட்டினோம் என்று மொரியோவுக்குத் தெரியவில்லை. சில வாரங்களாக அதுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போய்விட்டு அவனும் மனைவி ஃபுசாயேயும் வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியக் கடலோர ஊரான காஷிவாசாகியில் இலையுதிர்கால மழை என்றால் கடலை அப்படியே தூக்கி ஊற்றுகிற மாதிரி இருக்கும். அவர்களுடையது மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட குட்டி வேன். எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே உறுமும். கூரை வெறும் தகடு. உள்ளே உட்கார்ந்தால் யாரோ தலைக்கு மேல் உலக்கை குத்துகிற மாதிரி இருக்கும். இடது பக்க இருக்கையில் ஃபுசாயே ரோட்டைப் பார்த்தபடி வெகுநேரம் பேசினாள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு இருப்பது மரியாதையில்லை. மொரியோ சிறுவயதிலிருந்து பழகியபடி அவ்வப்போது தலையை ஆட்டி உம், உம் என்றான். கடைசியில் அவள் அவன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். அதற்கும் உம் என்றான். அவள் முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே படுக்கையறையில் ஆரஞ்சுப் பழ அட்டைப்பெட்டிகள் முளைத்தன. அவளுடைய கம்பளிச் சட்டைகள் ஒவ்வொன்றாக அவற்றுக்குள் போயின. அடுத்தடுத்த ஞாயிறுகளில் வேனில் அவள் முன்பைவிட அதிகமாகப் பேசினாள், முகம் சிவக்கச் சிவக்க. அவன் உம் கொட்டிக்கொண்டே ஓட்டினான்.

எதற்குச் சம்மதித்தேன் என்று கேட்டுவிடலாம்தான். கேட்டால் காது விஷயம் வெளியே வந்துவிடும்.

கோடையில் ஒரு நாள், அரிசி பிஸ்கட் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுத்தவன் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. குளத்தில் முங்கி எழுந்த மாதிரி. டாக்டர் ஊசியும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வந்தால் உண்டு என்று கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் ஃபுசாயே சமையலறையில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகு குலுங்கியது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஒரு நாள், "காது திரும்பி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டான்.

வீட்டில் அந்தப் பொய்யை ஓட்டிவிட முடிந்தது. டிவியில் வெளிச்சம் அடிக்கிறது என்று சாக்குச் சொல்லிச் சாப்பாட்டு மேஜையில் இடம் மாற்றி, அவளைத் தன் வலது பக்கம் வரவைத்துவிட்டான். வேனில் அது நடக்காது. ஸ்டீயரிங் வலது பக்கம். கூட வருகிறவள் இடது பக்கம்தான் உட்கார்ந்தாக வேண்டும். செத்த காதுப் பக்கம்.

தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கும் நுமாதாவின் மனைவியும் இப்படித்தான் புருஷனை விட்டுப் போனாள். சண்டையில்லை, சச்சரவில்லை. கடைசிப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் பெட்டி கட்டினாள். நுமாதா பொட்டல நூடுல்ஸ் தின்றே உப்பிப் போனான். மொரியோவின் மகள் சிஹோவும் கல்யாணமாகி நகோயாவுக்குப் போய்விட்டாள். மொரியோ கணக்கைக் கூட்டிப் பார்த்தான். விடை நன்றாக இல்லை.

வேன் மட்டும் வாயை மூடினால் போதும். ஃபுசாயே எப்படியும் மறுபடி அந்தப் பேச்சை எடுப்பாள். வலது காதே போதும், கேட்டுவிடும். கேட்டதும் மறுத்துவிடலாம். தேவைப்பட்டால் காலில்கூட விழலாம்.

மழைவிட்ட ஒரு விடுமுறை நாளில், வீட்டு முன் கொட்டகையில் வேனைப் பிரித்துப் போட்டான். இருக்கைகள், தரைவிரிப்பு, கதவுகளின் பிளாஸ்டிக் பலகைகள், கூரையின் உள்துணி எல்லாம் முற்றத்தில் கிடந்தன. அடுத்த வீட்டு ஒகுத்தானி இலை கூட்டுகிற சாக்கில் வேலியோரம் வந்து நின்று, மொரியோவைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இசோபே-சான், வண்டியைத் தோலுரிச்சுத் தொங்க விட்டுட்டீங்களே?"

"சத்தம் தாங்கல. தடுப்பு ஒட்டப் போறேன்."

"இந்த டப்பாவுக்கா? இதுல சத்தத்தைக் கழிச்சுட்டா மிச்சம் என்ன இருக்கும்?"

மொரியோ துணியை எடுத்தான். தகட்டை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தான். சத்தத் தடுப்புத் தாளுக்கு ஒரு பக்கம் கறுப்புப் பசை, மறுபக்கம் வெள்ளி நிறம். அதைக் கத்தரித்து ஒட்டி, மரப்பிடி போட்ட சின்ன உருளையால் அழுத்தி அழுத்தி உருட்டினான். உள்ளே காற்று நின்றால் பிரயோஜனமில்லை. கூரைக்கு ஒட்டும்போது மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. பசை தலைமுடியில் பிடித்துக்கொண்டது. கதவுக்குள் கைவிட்டு ஒட்டும்போது விளிம்பு கீறி ரத்தம் வந்தது. கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மட்டும் அடைக்காமல் விட்டான். ஒட்டாத இடத்தைத் தட்டினால் டங் என்றது. ஒட்டிய இடம் தொப் என்றது. அந்தத் தொப்பில் ஒரு சுகம் இருந்தது. மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தான்.

குளிரில் தாள் விறைத்துக்கொண்டது. உள்ளே போய் ஃபுசாயேயின் ஹேர் டிரையரை எடுத்து வந்து சூடுகாட்டினான். கொஞ்ச நேரத்தில் அவளே தட்டில் சோற்றுருண்டையும் தேநீருமாக வந்து நின்றாள். வலது பக்கமாக நின்றாள்.

"என் டிரையர் எங்கே?"

"வண்டிக்கு எடுத்தேன்."

"வண்டிக்குத் தலைக்கு ஊத்திவிட்டீங்களாக்கும்?" அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "எதுக்கு இந்தப் பாடு? இத்தனை வருஷம் இந்தச் சத்தத்தோடதானே ஓட்டினீங்க."

"நீ பேசறது சரியாக் கேக்கணுமில்ல."

"உங்களுக்குத்தான் காது திரும்பி வந்துடுச்சே."

அவன் உருளையை இன்னும் பலமாக உருட்டினான். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம்தான் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தான். எஞ்சின் மூடிக்கும் தரைக்கும் மேலே கனத்த கம்பளம் போட்டிருந்தான். சாமான்களை ஒழுங்குபடுத்தும்போது உருளையைக் காணோம். இலைக்குவியலில் எங்காவது விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டான். ஃபுசாயேயைக் கூப்பிட்டான். "வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

கடலோர ரோட்டில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. கூரையில் மழை விழுந்தது. விழுந்ததே தவிர அடிக்கவில்லை. மெத்தையில் அவரைக்காய் கொட்டுகிற மாதிரி இருந்தது. எஞ்சின் அடுத்த தெருவில் எங்கோ உறுமியது. ஃபுசாயே மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது.

பேசு, என்று மனதுக்குள் சொன்னான். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. கடகட. ரோடு மேடுபள்ளமாக வரும்போதெல்லாம் கடகட.

"அது என்னங்க?"

கேட்டது. தெளிவாகக் கேட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. "ஏதோ ஆடுது."

"எங்கேர்ந்து வருது?"

மொரியோ காதைத் தீட்டினான். சத்தம் இருந்தது, அதற்கு ஊர் பேர் இல்லை. காது ஒன்று போனதிலிருந்து எல்லாச் சத்தமும் இப்படித்தான், இடமில்லாமல் தலைக்குள் வந்து நிற்கும். இதுவரை வீட்டில் அது அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"முன்னாடிலேர்ந்து" என்றான். "ஹீட்டர் பக்கம்."

"முன்னாடியா?"

"இல்ல… மேல. கூரை. உள்துணி சரியா மாட்டல போல."

ஃபுசாயே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டியை ஓரங்கட்டுங்க."

மீன் கடைகளின் முன்னால் இருந்த காலி மைதானத்தில் நிறுத்தினான். அவள் இருக்கையில் திரும்பி, தன் தோளுக்குப் பின்னால் இருந்த தள்ளுகதவில் முஷ்டியால் ஒரு குத்து விட்டாள். கட, என்றது உள்ளே.

"இங்கேதான். கிளம்பினதுலேர்ந்து என் முதுகுக்குப் பின்னாடிதான் அடிச்சுக்கிட்டு இருக்கு. நீங்க கூரையைக் காட்டுறீங்க."

உருளை. கதவுக்குள்ளேயே வைத்து மூடிவிட்டிருக்கிறான்.

"காது திரும்பி வரவேயில்லை. இல்லையா?"

இம்முறை அவன் தெரிந்தே சொன்னான். "உம்."

"எனக்குத் தெரியும். நீங்களே சொன்னீங்களே."

"நானா? எப்போ?"

"அன்னிக்கு மழையில. நான் பேசறது ஒரு வார்த்தைகூடக் கேக்கல, அப்படித்தானேன்னு கேட்டேன். உம்னு சொன்னீங்க."

மொரியோ ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் சொன்னதிலேயே அந்த ஒரு உம்தான் உண்மை.

"அப்போ அந்தப் பெட்டியெல்லாம்?"

"எந்தப் பெட்டி?"

"ஆரஞ்சுப் பெட்டி. உன் துணி."

"அலமாரியைக் காலி பண்றேன். உங்க வலது பக்கம் அதுதானே மலை மாதிரி நிக்குது? அதை எடுத்தாத்தான் என் படுக்கையை அந்தப் பக்கம் விரிக்க முடியும். ராத்திரி எனக்கு ஒண்ணுன்னா கூப்பிட்டாக் கேக்க வேண்டாமா? நீங்களா வாயைத் திறந்து சொல்லட்டும், சேர்ந்து நகர்த்தலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். சொல்ற வழியா இல்ல."

"நீ போயிடப் போறேன்னு நினைச்சேன்."

"எங்கே?"

"நுமாதா பொண்டாட்டி மாதிரி."

ஃபுசாயே யோசித்தாள். "தோணாம இல்ல. பொய் சொன்ன கோபத்துல ஒரு நாள் தோணுச்சு. அக்கா வீட்டுல ரெண்டு பூனை. எனக்குத் தும்மல் வரும். விட்டுட்டேன்."

மொரியோவின் தோள்கள் தாமாக இறங்கின. இத்தனை வாரமும் அவை காதுவரை ஏறி நின்றது இப்போதுதான் தெரிந்தது. பசித்தது. நேற்றைய சோற்றுருண்டையைப் பாதியில் வைத்தது நினைவுக்கு வந்தது.

"அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் என்னதான் பேசினே? முகமெல்லாம் சிவந்து கிடந்துச்சு."

"உங்களைத் திட்டினேன். பொய்க்காரன், கல்லுளிமங்கன், இன்னும் என்னென்னவோ. உங்க அம்மாவையும் விடல. நீங்க பாட்டுக்கு உம் உம்னு கேட்டுக்கிட்டு வந்தீங்க. எனக்கும் ஆத்திரம் தீர்ந்துச்சு." அவள் கூரையைத் தட்டிப் பார்த்தாள். தொப். "இப்போ இப்படி அடைச்சு வெச்சுட்டீங்க. இனிமே நான் எங்கே போய்த் திட்டுறது?"

"இங்கேயே திட்டு. முதல்லேர்ந்து சொல்லு, இப்போ கேக்குது."

வேனை ரோட்டில் ஏற்றினான். கதவுக்குள் உருளை கடகடத்தது. ஃபுசாயே தொண்டையைச் செருமிக்கொண்டு, கோடையிலிருந்து ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வாசல், சமையலறை, டிவி வெளிச்சம். எதையும் அவள் விடவில்லை.

"உம்" என்றான் மொரியோ.

"அந்த உம்மை இன்னொரு தரம் சொன்னீங்க, இங்கேயே இறங்கிடுவேன். வாயைத் திறந்து பதில் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றான். "வீட்டுக்குப் போனதும் முதல்ல அலமாரியை நகர்த்திடலாம்."

"முதல்ல என் டிரையரைத் துடைச்சுக் குடுங்க. பசை ஒட்டிக்கிட்டு இருக்கு."