பன்னிரண்டாம் தடம்

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் மாநில பௌலிங் போட்டிக்கு எங்கள் ஷிபாய்கன் ஊர் அணியிலிருந்து ஐந்து பேர்தான் போகலாம். அணித்தலைவி நான். ஐந்தாவது இடத்துக்கு இரண்டு பேர்: என் புருஷன் நார்பர்ட், என் தம்பி கிளெம். என் தலைவிதி! நார்பர்ட் ஆறு வருஷமாக எங்கள் துவாலைகளைச் சுமந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். இந்தத் தடவையாவது அவன் ஆட வேண்டுமே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

தவக்காலம் தொடங்கிய நாளே புதுப் பந்து வாங்கிவிட்டான். தினமும் ஆராய்ச்சி. பந்து உருளும் பலகைத் தடத்தில் பூசிய எண்ணெய் அதிகமிருந்தால் பந்து வழுக்கி நேரே ஓடும். காய்ந்திருந்தால் சட்டென்று வளையும். பன்னிரண்டு தடங்களில் பதினொன்றை அளந்து நோட்டில் எழுதினான். பன்னிரண்டாவதில் எப்போதும் ஊர்த் தீயணைப்புக்காரர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

"மச்சான், பந்தை உருட்டப் போறியா, பொண்ணு பார்க்கப் போறியா?" என்று கிளெம் சிரித்தான். அவன் கையில் அரங்கின் பொதுப் பந்து.

"உனக்கு எண்ணெயைப் பத்தி என்னடா தெரியும்?"

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பதினோராம் தடத்தில். கிளெம் ஆடி முடித்தபோது ஒரு புள்ளி முன்னால் இருந்தான். நார்பர்ட்டுக்கு ஒரு வீச்சு பாக்கி. இரண்டே இரண்டு கட்டை விழுந்தால் போதும்.

தவக்கால வெள்ளி, இறைச்சி தின்னாத நாள் ஆயிற்றே, பொரித்த மீன் தட்டு வந்தது. பதற்றம் வந்தால் தின்பான் என் மனுஷன். இரண்டு துண்டைக் கையாலேயே பிய்த்து விழுங்கினான். பிறகு பந்தை மூன்று தடவை பயபக்தியோடு துடைத்தான். கையைத் துடைக்கவில்லை.

பந்தின் துளையிலிருந்து கட்டைவிரல் வழுக்கியது. பந்து ஒருக்களித்துப் பறந்து, பன்னிரண்டாம் தடத்தில் விழுந்து, அங்கிருந்த பத்துக் கட்டைகளையும் சாய்த்தது. தீயணைப்புக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எங்கள் தடத்தில் பூஜ்யம்.

"கிளெம் போகட்டும்," என்றேன். வேறென்ன சொல்வது? பாவி, மீனைக் கொஞ்சம் பொறுத்துத் தின்றிருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையாக வந்தது.

நார்பர்ட் விரலை முகர்ந்து பார்த்தான். நோட்டைத் திறந்து, "தடம் 12: அபாரம். பந்தில் குறையில்லை" என்று எழுதினான். பிறகு நிமிராமலே கேட்டான்:

"போட்டிக்கு அஞ்சு துவாலை போதுமா?"