பகா எண் என்று சொல்லி வந்தது

மருத்துவமனைகளில் நோயாளிகளின் தகவல்களைக் கணினியில் பூட்டி வைக்கும் மென்பொருளை அக்காவின் கணவரான மாமாவின் நிறுவனம் தயாரித்தது. இளையவள் அங்கேதான் வேலை பார்த்தாள். பூட்டுக்கு அடிப்படை ஒரு பெரிய பகா எண். அறுநூறு இலக்கங்களுக்கு மேல் நீளும் அது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடக் கூடாது. இரண்டு எண்களைப் பெருக்கிச் செய்த போலியாக இருந்தால், அந்த இரண்டையும் அறிந்தவன் கையில் கள்ளச்சாவி இருக்கிறது என்று பொருள்.

அன்று மாமா ஓர் எண்ணைக் கொண்டுவந்தார். தெரிந்த ஆலோசகர் ஒருவர் கொடுத்தாராம்.

"நம்ம கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுத் தருமே மாமா. வெளியாள்கிட்ட எதுக்கு?"

"இது வேகமா ஓடுமாம். ஓசியில குடுத்தாரு. நீ எதையாவது நோண்டாம போட்டு விடு."

ஓசி என்றதும் அவளுக்கு உறுத்தியது.

சோதனை நிரலில் ஓட்டினாள். தேறியது. ஆனாலும் மனம் ஆறவில்லை. இவ்வளவு பெரிய எண்ணை வகுத்துப் பார்த்து முடிக்க முடியாது. சில சிறிய எண்களைக் கொடுத்து அதனிடம் கேள்வி கேட்க வேண்டும். உண்மையான பகா எண் எதைக் கேட்டாலும் சரியாகப் பதில் சொல்லும். போலி எங்காவது உளறும். அவர்கள் நிரலோ எப்போதும் நாற்பதுக்குள் இருக்கும் பகா எண்களை மட்டுமே வைத்துக் கேட்கும். வினாத்தாள் முன்பே கிடைத்தால் யார்தான் தேற மாட்டார்கள்?

பையில் கிடந்த பஸ் டிக்கெட்டின் எண்ணைக் கொடுத்தாள். உளறியது. கரண்ட் பில்லில் இருந்த எண்ணைக் கொடுத்தாள். மறுபடியும் உளறியது.

நிரல் எதை வைத்துக் கேட்கும் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

"இது பகா எண்ணே இல்ல மாமா."

"எதால வகுபடும்? சொல்லு பாப்போம்."

"அது தெரியாது. வகுபடும்னு மட்டும் நிச்சயம்."

மாமா அவளை முறைத்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு ஆலோசகரை அழைத்தார். "சார், உங்க எண்ணு சோதனையில நிக்கலையாம்."

"சான்ஸே இல்ல. நாப்பதுக்குள்ள இருக்கறதை வெச்சுத்தானே பாப்பீங்க? அத்தனைலயும் தேறும் சார்."

மாமா போனை வைத்தார்.

"காபி குடிக்கறப்ப பேச்சுவாக்குல கேட்டாரு. நான்தான் சொல்லித் தொலைச்சேன்."

இருக்கலாம். அவருக்கு வாயில் எதுவும் தங்காது என்பது குடும்பத்துக்கே தெரியும். இல்லாமலும் இருக்கலாம். இளையவள் அந்த எண்ணை அழித்தாள். வேறொன்றைத் தானே கண்டுபிடித்தாள். ஒவ்வொரு முறையும் புதுப்புது எண்களால் சோதிக்கும்படி நிரலை மாற்றினாள். எல்லாவற்றையும் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"மாமா மேல சந்தேகப்பட்டியாமே?"

"ஆமாக்கா."

"இப்ப?"

"இப்பதான் எண்ணை மாத்தியாச்சேக்கா."