உத்திரத்தின் கீழே நிற்பவர்கள்

1

இந்தக் கதை எனக்குப் பெரிய மார்க்கெட்டில், மீன் விற்கும் பக்கத்துக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே உள்ள சந்தில் கிடைத்தது. கிடைத்தது என்பது கொஞ்சம் பொய். ஒருவர் என்னை நிறுத்திக் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவர் முகத்தில் பாரம் குறைந்த மாதிரி தெரியவில்லை. நான்தான் அன்று வாங்கிய சங்கரா மீனைப் பாதியில் ஒதுக்கிவைத்தேன்.

அவர் பெயரைச் சுலோசனா என்று வைத்துக்கொள்வோம். உப்பளம் என்ற பகுதியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் நிர்வாகி. பிரெஞ்சுக்காரர் காலத்து மாடி வீடு ஒன்றில், ஊரின் வரலாற்றைச் சேர்த்து வைக்க ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. எதைக் காட்சிக்கு வைப்பது, எந்த வேலையை முதலில் எடுப்பது, வருகிற நிதியை எங்கே செலவழிப்பது எல்லாம் சுலோசனாவின் பொறுப்பு. நான் அங்கே பொருட்களின் பக்கத்தில் ஒட்டும் விளக்க அட்டைகளுக்குத் தமிழ் எழுதித் தருபவன். அவ்வளவுதான் எனக்கும் அந்தக் கட்டடத்துக்கும் உள்ள உறவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தில் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது:

"தறி திறப்பு விழா அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்கன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். ஜன்னலாண்ட. அந்த எடத்துக்குக் கீழதான் உத்திரம் ரொம்ப மோசம்."

எனக்கு நின்ற இடம் நினைவில்லை. கையில் பாதி லட்டு இருந்தது நினைவிருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘வெளியே மழை. மாடியில் தறி, உறங்கும் மிருகத்தைப் போல—’

[அடித்துவிட்டேன். தறி மிருகம் இல்லை, இரும்பு. இந்தக் கதையில் பயமே அதன் எடைதான். உவமை போட்டால் எடை குறைகிறது.]

அடுத்தது:

‘சுலோசனாவின் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி.’

இதை வைத்துக்கொள்கிறேன். ஆலை மூடி, இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போனபோது சுலோசனாவுக்குக் கல்யாண வயது. பல வருடங்கள் கழித்து, ஊருக்கு வெளியே ஒரு காயலாங்கடையில், தகரங்களுக்கு அடியில், அதே ஆலையின் தறி ஒன்று கிடப்பதைக் கேள்விப்பட்டு அவரே போய்ப் பார்த்தார். அதைத் துரு நீக்கி, எண்ணெய் போட்டு, அருங்காட்சியகத்தில் நிறுத்த வேண்டும் என்று அறக்கட்டளையில் பேசிப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தவர் அவர்தான்.

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் அடைமழைக்குத் தண்ணீர் வரும். அதனால் தறியை மாடியில் வைக்கச் சொன்னவரும் அவர்தான். கூரை, உத்திர மராமத்துக்கென்று ஒதுக்கியிருந்த நிதியில் ஒரு பகுதியைக் கண்காட்சிக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

(இந்த மூன்று ‘அவர்தான்’களையும் அவரே என்னை எழுதச் சொன்னார். "யாரோ செஞ்சாங்கன்னு எழுதாதீங்க சார். நான் செஞ்சேன்னு எழுதுங்க.")

3

தறியைப் பாகம் பாகமாக மாடிக்கு ஏற்றி திருகாணி முறுக்கிப் பூட்டி முடித்த வாரத்தில், கீழ்க்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சுலோசனாவின் சாப்பாட்டு டப்பாவில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. சுண்ணாம்புத் தூள். பழைய வீடு என்றால் உதிரத்தான் செய்யும். மூடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கோடு. அது முன்பே இருந்ததா, இல்லையா? அவருக்குத் தெரியவில்லை. பயம் அங்கேதான் ஆரம்பித்தது என்கிறார். கோட்டைப் பார்த்ததில் இல்லை, தினமும் தலைக்கு மேலே இருந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை என்று உணர்ந்ததில்.

பிறகு அந்தச் சத்தம். விரல் சொடுக்குவது போல ஒன்று. பகலில், ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்கும். மற்றவர்கள் பேச்சை நிறுத்தமாட்டார்கள். இவர் மட்டும் நிறுத்துவார்.

கட்டடப் பொறியாளர் துர்காவை வரவழைத்தார். இளம்பெண், கறாரானவள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் உத்திரத்தின் முனை கைக்கு எட்டும். துர்கா பையிலிருந்து திருப்புளியை எடுத்துத் தேக்கில் வைத்து அழுத்தினாள். அது கேக்கில் இறங்குவது போல இறங்கியது.

"கரையான் மேடம். வெளிய தோல் மட்டும்தான் இருக்கு. மேல எவ்ளோ எடை வச்சிருக்கீங்க?"

சுலோசனா சொன்னார்.

துர்கா படியிலிருந்து இறங்கிவிட்டாள். "நாம வெளிய போய்ப் பேசலாமா?"

4

முசே அமலோரை இந்த இடத்தில் கொண்டுவர வேண்டும். ‘முசே’ என்றால் பிரெஞ்சில் ஐயா. அறக்கட்டளையின் தலைவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். இப்படிப்பட்டவர்களை இங்கே ‘சொல்தா’ என்பார்கள். முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதினேன். மீசை, தங்கக் கடிகாரம், அதட்டல் எல்லாம் கொடுத்தேன். எழுத எளிதாக இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாகவும் இருந்தது. உண்மையில் அவர் மெல்லப் பேசுகிறவர். தம் சொந்த வீட்டு நாற்காலிகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறவர்.

அவரிடம் சுலோசனா போனபோது திறப்பு விழா அழைப்பிதழ்கள் விநியோகமாகியிருந்தன.

"முசே, விழாவத் தள்ளி வச்சிடலாம். இல்லன்னா மாடிய மட்டும் பூட்டிடலாம்."

"எதைத் திறக்கறோம்னு கூப்ட்டிருக்கோம்? தறிய. தறி எங்க இருக்கு? மாடில." சிரித்தார். "சே பா கிராவ், சுலோசனா." ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அர்த்தம். "என் தாத்தா காலத்துக்கு முன்னாடியிலேருந்து நிக்கிற வீடு. நீ வந்ததும் விழுந்துடுமா?"

"அந்த இன்ஜினியர் பொண்ணு—"

"அந்தப் பொண்ணுங்க பயமுறுத்தத்தான் படிச்சிருக்காங்க. நிதி குடுத்தவங்க நேர்ல வர்றாங்க. இந்த விழா நடக்கலன்னா அடுத்த தவண வராது. அது வந்தாத்தான் நீ கேக்கற உத்திரத்த மாத்த முடியும். புரியுதா?"

புரிந்தது. அதுதான் கொடுமை என்றார் சுலோசனா. நிதியைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

5

விழா.

எனக்குத் தெரிந்த விழாவும் சுலோசனாவுக்குத் தெரிந்த விழாவும் வேறு வேறு. என்னுடையதில் குத்துவிளக்கு, லட்டு, வரவேற்புரை, நான் எழுதிய அட்டையை ஒருவர் சத்தமாகப் படித்தது. அவருடையதில் மாடித் தரையில் நிற்கும் கால்கள் மட்டும்.

கீழ்க்கூடத்தில், தறிக்கு நேர் கீழே, ஊரின் கதிர்காமம் பகுதிப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே நாங்கள். சுலோசனா பிள்ளைகளிடம் போய், "எல்லாரும் வெளிய வாங்க, பிஸ்கட் குடுக்கறோம்" என்றார்.

ஆசிரியை முகம் சுளித்தார். "மேடம், தூறுது. நனைஞ்சா பெத்தவங்க என்னைத்தான் கேப்பாங்க."

"நனையட்டும் டீச்சர்."

"என்னது?"

"நனையட்டும்னு சொன்னேன். எழுந்திரிங்க."

பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் மாடிக்கு வந்தார். நான் அவரைப் பார்த்துக் கையசைத்தேனாம். அப்போது அந்தச் சத்தம் இரண்டு முறை கேட்டது. முசே அமலோர் உரையாற்றிக்கொண்டிருந்தார். நிர்வாகிக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம், கட்டடம் விழுந்துவிடும் என்று தினமும் சொல்வார், ஆனால் தறியைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று அன்போடு சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

இதற்கு அடுத்து வருவதை எழுதலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன். இப்படி ஒரு பாத்திரத்தை வாசகர் மன்னிப்பாரா என்று சந்தேகம். மழுப்பி எழுதிப் பார்த்தேன்:

‘அவர் மனத்தில் ஏதேதோ எண்ணங்கள் ஓடின. அவர்—’

[கைவிடுகிறேன்.]

சந்தில் அவர் சொன்னது இதுதான்:

"எல்லாரும் சிரிச்சாங்க இல்ல, அப்ப ஒரு நிமிஷம் விழட்டும்னு நெனச்சேன் சார். விழுந்தா நான் சொன்னது சரின்னு ஆயிடும் இல்ல. நீங்க நின்னீங்க. முசேவோட பேத்தி நின்னுச்சு. எல்லாரையும் பாத்துக்கிட்டேதான் நெனச்சேன்." பூக்காரம்மா ஒருத்தி எங்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போனாள். "அதுலேருந்து எனக்கு உத்திரத்தக் கண்டு மட்டும் பயமில்ல. என்னக் கண்டே பயமா இருக்கு."

அன்று எதுவும் விழவில்லை. கைதட்டினார்கள். வீட்டுக்குப் போனோம்.

6

இத்தோடு முடிந்திருந்தால் இது கட்டுரையாகியிருக்கும். ஆனால் விழா நன்றாக நடந்ததில் முசே அமலோருக்கு அடுத்த யோசனை வந்தது. தறிக்கு மோட்டார் மாட்டி ஓட்டிக்காட்ட வேண்டும். பஞ்சாலைத் தறி ஓடும்போது தரை எப்படி அதிரும் என்று ஆலைப் பக்கம் குடியிருந்தவர்களைக் கேளுங்கள்.

அதைத் தடுக்கத்தான் சுலோசனா மார்க்கெட்டுக்கு என்னைத் தேடி வந்திருந்தார். "நீங்க கதை எழுதறவரு. இத எழுதுங்க. புள்ளைய அனுப்பப் போற எந்தத் தாயாவது படிக்கட்டும்."

ஒரு கதை அச்சாகி வருவதற்குள் ஒரு கட்டடம் பத்துத் தடவை விழும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப என்கூட வாங்க. முசே முன்னாடி நில்லுங்க, போதும்."

போனேன். படிக்கட்டு திரும்பும் இடத்தில் மூன்று பேரும் நின்றோம். வெளியே மழை. நான் ஒரு படி கீழேயே நின்றுகொண்டதை எழுதாமல் விட்டால் இது கதையே இல்லை.

சுலோசனா திருப்புளியை நீட்டினார். "நான் சொல்லமாட்டேன் முசே. நீங்களே குத்திப் பாருங்க."

"என்ன விளையாட்டு இது?"

"ஒரு தடவ. அப்பறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, மரத்தில் வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் போனது. கையை எடுத்தார். திருப்புளி அங்கேயே நின்றது. ஓட்டையிலிருந்து மாவு போல ஏதோ அவர் சட்டைக்கையில் கொட்டியது. அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு என் பேத்தி தறி மேல கை வச்சி போட்டோ எடுத்துக்குச்சு" என்றார். அவ்வளவு மெல்ல ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொரு படியாக, காலை ஊன்றாமல் வைத்து இறங்கினார். தெருவுக்குப் போய், குடையில்லாமல் நின்று, எங்களைப் பார்த்துக் கத்தினார்: "வெளிய வாங்க! ரெண்டு பேரும் வெளிய வாங்க!"

அன்றே அருங்காட்சியகம் மூடப்பட்டது.

7

நல்ல முடிவு என்றுதான் நானும் நினைத்தேன். வரிசை எண்ணைப் போட்டு, ‘முற்றும்’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன். சுலோசனாவின் போன் வந்தது.

தறியை இறக்க வேண்டும். இறக்கினால்தான் கட்டடம் பிழைக்கும். விட்டுவைத்தால் இந்த மழைக்காலம் தாண்டாது. சுவரை ஒட்டிய பின்கட்டில், போக வேறு இடமில்லாத மூன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன. ஆனால் தறியைக் கழற்ற ஆட்கள் மேலே ஏறி நிற்க வேண்டும். அவர்கள் ஏறுவதற்கு முன்னால் கீழிருந்து இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்கிறவர்கள் உத்திரத்துக்கு அடியில் நிற்க வேண்டும்.

மேஸ்திரி வெற்றிவேல் பார்க்க வந்தபோது துர்கா எதையும் மறைக்கவில்லையாம். முதல் முட்டு நிற்கிற வரைக்கும்தான் ஆபத்து, அது நின்றுவிட்டால் பாதிப் பயம் போகும் என்றாளாம்.

வெற்றிவேல் மேலே பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "செய்யலாம் மேடம். நானும் இன்னொருத்தனும் போறோம். இன்னா ஒண்ணு, வீட்ல சொல்லிட்டு வரணும்."

அந்த ‘வீட்ல சொல்லிட்டு வரணும்’ சுலோசனாவைத் தூங்கவிடவில்லை. இன்று விடியற்காலையில் எனக்குப் போன் செய்து சொன்னார்:

"இன்னிக்கு அவங்க முட்டு வைக்கற வரைக்கும் நானும் உள்ள நிக்கப் போறேன்."

"நீங்க நின்னு என்ன ஆகப் போவுது மேடம்? துர்கா விடுவாங்களா?"

"விடமாட்டா. அவகிட்ட சொல்லல. சத்தம் எங்க வரும்னு எனக்குத்தான் தெரியும். நான் கத்துனா அவங்க ஓடலாம் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "விழட்டும்னு நெனச்சவ நான். வெளிய நிக்க முடியாது சார்."

பிறகு கேட்டார்: "வாசல் வரைக்கும் வர்றீங்களா? உள்ள வேணாம். யாராவது தெரிஞ்சவங்க வாசல்ல நின்னா தைரியமா இருக்கும்."

8

பல முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் முட்டு நிற்கிறது. வெற்றிவேல் முகம் துடைத்துக்கொண்டு டீ கேட்கிறார். சுலோசனா அழுகிறார். [சந்தோஷமாக எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை இல்லை.]

இன்னொன்றில் அவர்கள் உள்ளே போவதற்கு முன்னால், ஆளில்லாத கூடத்தில், எல்லாம் தானாகவே இறங்கிவிடுகிறது. யாருக்கும் அடியில்லை. [சோம்பேறியின் முடிவு. பின்கட்டுக் குடும்பங்களை மறந்துவிட்டேன்.]

மூன்றாவது முடிவை நான்கு சொற்களுக்கு மேல் எழுத முடியவில்லை:

‘சுலோசனா கத்தினார். வெற்றிவேல் திரும்பி—’

இப்போது மணி என்ன என்று பார்க்கவில்லை. வெயில் வந்துவிட்டது. நான் குடியிருக்கும் உழவர்கரையிலிருந்து உப்பளத்துக்கு வண்டியில் போக அதிக நேரம் ஆகாது. வேலை தொடங்கியிருக்கலாம். நான் மேசையில் உட்கார்ந்து கமாக்களைச் சரி பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் வரை அங்கே எதுவும் நடக்காது என்று ஒரு மூலையில் நம்புகிறேன் போலிருக்கிறது. வாசலில் நிற்கத்தான் கூப்பிட்டார், உள்ளே இல்லை. அதற்கே என் கால் எழவில்லை.

கதை கேட்கும் அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும். அதை எழுதியும் விடுகிறேன்:

‘நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.’

எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது. இந்த வாக்கியத்தை நம்புவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறேன்.