மீந்த மூன்று மாத்திரைகள்

கூடத்தில் யாரோ ஞானப்பாட்டின் முதலடியை எடுத்துக்கொடுத்தபோது, ரூபி சமையலறைக்குப் பின்னால் குப்பை வாளியைத் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயச் சருகு, காப்பிச் சக்கை, பால் கவர். குச்சியால் கிளறினாள். பிறகு குச்சியை எறிந்துவிட்டுக் கையாலேயே கிளறினாள்.

"என்னக்கா பண்ற? உள்ள எல்லாரும் உன்னத் தேடறாங்க" என்றான் தம்பி ஜாபெஸ்.

"நேத்துக் காலைல அப்பா ஏதோ மாத்தரை போட்டாருன்னியே, அது என்ன மாத்தரை?"

"பல்லு வலின்னு அம்மா குடுத்துச்சு. ஹார்ட் அட்டாக்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. நாலு மணிக்கு எடுக்கோணும், வாக்கா."

அப்பா தேவசிகாமணி நாகலூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். நேற்றுக் காலை ஜீப் ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. தூங்குகிற மாதிரியே இருக்கிறார் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். ரூபிக்கு மட்டும் அப்படித் தெரியவில்லை. உதடு தடித்திருந்தது. காலரை விலக்கிப் பார்த்தாள், கழுத்தில் நகக்கீறல்கள். ஜீப்பில் சொறிந்துகொண்டே வந்தார் என்று ஜாபெஸ் சொல்லியிருந்தான்.

சேலத்து மருத்துவக் கல்லூரியில் அவளுடைய ஆராய்ச்சியே இதுதான். ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளாமல் போகிறவர்களைத் தேடிப்போய், எந்த மருந்து, எத்தனை மணிக்கு, என்ன ஆனது என்று கேட்டு எழுதுகிற வேலை. நான்கு வருடத்தில் அறுநூறு பேர்.

கத்தரிக்கோலால் வெட்டிய மாத்திரை அட்டைத் துண்டு ஒன்று சக்கைக்குள் கிடந்தது. ஒரே ஒரு குழி, அதுவும் காலி. மருந்தின் பெயரில் மூன்று எழுத்துதான் மிச்சம். அந்த மூன்றே அவளுக்குப் போதும். போன மாதம் அம்மாவின் தொண்டைப் புண்ணுக்கு அவளே சேலத்தில் வாங்கி வந்த மாத்திரை.

அம்மா செல்வமேரி சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ரூபி பக்கத்தில் குந்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இதத்தான் குடுத்தியாம்மா?"

"ஆமா கண்ணு. தொண்ட நல்லாயிருச்சுன்னு மூணு எடுத்து வெச்சிருந்தேன். நல்ல மாத்தரை, வீச மனசு வரல."

"எத்தன மணிக்குப் போட்டாரு?"

"ஏழு இருக்கும். இட்லி சாப்புட்டு."

"எவ்வளவு நேரங்கழிச்சு அரிக்குதுன்னாரு?"

"பத்து நிமிசம். உள்ளங்கையில ஆரம்பிச்சுச்சு."

"இதுக்கு முன்னாடி எந்த மருந்தாச்சும் ஒத்துக்காமப் போயிருக்கா?"

கேட்ட பிறகுதான், படிவத்தில் இருக்கும் வரிசையிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அம்மா யோசித்தாள்.

"நீ பொறக்கறதுக்கு முந்தி ஒருக்கா ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. ஏன் கண்ணு?"

அறுநூறு பேரிடம் கேட்ட கேள்வி. தினமும் போனில் அப்பாவிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். இதை ஒருநாளும் கேட்டதில்லை.

"மீதி ரெண்டு எங்கம்மா?"

"சின்னத்தாயி காச்சல்னு நேத்து வெடியால வந்தா. வெட்டிக் குடுத்தேன்."

ரூபி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். வாசலில் நிழற்பந்தலுக்குக் கீழேயும் பார்த்தாள். இருபது வருடம் அப்பாவின் கீழ் காப்பிப் பழம் பறித்தவள் சின்னத்தாயி. நேற்றே ஓடி வந்திருக்க வேண்டியவள். இல்லை.

"அக்கா, மூணரை ஆச்சு! எங்க போற?"

பதில் சொல்ல அவள் நிற்கவில்லை. காப்பிச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஓடினாள். செருப்பு வழுக்கியது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். தொழிலாளர் லைனில் சின்னத்தாயியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"சின்னத்தாயக்கா!"

சத்தமில்லை. தள்ளினாள். கம்பளிக்குள் ஓர் உருவம் அசையாமல் கிடந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள், இரண்டு தரம். கண் திறந்தது.

"ரைட்டரய்யாவ எடுத்துட்டாங்களா சாமி? எந்திரிச்சு வர முடியலீங்களே..." சின்னத்தாயி அழ ஆரம்பித்தாள்.

"அம்மா குடுத்த மாத்தரை போட்டீங்களா?"

"இல்லீங்க கண்ணு. சாப்புட்டுத்தான் போடோணும்னாங்க. வாயில ஒண்ணும் வெக்க முடியல."

மாத்திரை முந்தானை முடிச்சில் இருந்தது. ரூபியின் விரல்களுக்கு முடிச்சு அவிழவில்லை, சின்னத்தாயியே அவிழ்த்தாள்.

"கெட்டுப்போன மாத்தரைங்களா?"

"நல்ல மாத்தரைதானுங்க்கா. யாருக்குன்னு கேட்டுக் குடுத்திருக்கோணும்." நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கொதித்தது. "ஜாபெஸ் இன்னிக்கே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான்."

அவள் திரும்பி வந்தபோது பெட்டியின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு பேர் காத்திருந்தார்கள். அம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு மாத்திரைகளைப் பொத்தியிருந்த கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அவ போட்டுட்டாளா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

மூடி இறங்கியது. ஆண்கள் தோள் கொடுக்க, கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தது. ரூபி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மா அவளுடைய காலடியில் உட்கார்ந்துவிட்டாள். காப்பிச் செடிகளுக்குள் ஓடியதில் ரூபியின் புடவைக் கரையெல்லாம் ஒட்டுப்புல் அப்பியிருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தன் மடியில் போட ஆரம்பித்தாள்.

"அம்மா, கெளம்போணும்" என்றான் ஜாபெஸ்.

அவள் கரையை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பிடித்தாள்.