ரத்தினபாயின் ஐந்து நாள் சுற்றுலா

வெளிநாடு போகிறவர்களுக்கு யோசனை சொல்வதில் செம்பாக்கத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நானும் என் வீட்டுக்காரரும் நாடு நாடாகச் சுற்றினோம். அவர் போன பிறகு தனியாகச் சுற்றினேன். எங்கள் சபையில் யாராவது சிங்கப்பூர் போகிறார்கள் என்றால், பாஸ்டர் அவர்களுக்காக ஜெபம் பண்ணி முடிப்பதற்குள் நான் அவர்கள் பக்கத்தில் போய் நின்றிருப்பேன். ‘ஜோசலின் வந்துட்டா, ஓடு’ என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

ஆனால் கீழ் வீட்டு ரத்தினபாய் ஒரு நாள் மாடியேறி வந்து, “அக்கா, கம்போடியா டூர் புக் பண்ணிட்டேன். என்னென்ன எடுத்துகிட்டுப் போகணும்னு சொல்லுங்க” என்றபோது யோசனை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் எதற்காகப் போகிறாள் என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரத்தினபாய் நர்சரி பள்ளி ஆசிரியை. புருஷன் இல்லை. ஒரே பிள்ளை ஜெர்சன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேடவாக்கத்தில் ஒரு கால் சென்டரில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தவனுக்குப் போன வருஷம் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. அவன் விமானம் ஏறிய வாரமே ரத்தினபாய் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். கர்த்தர் என் பிள்ளைக்குக் கதவைத் திறந்தார் என்று அழுதாள். எல்லோரும் கைதட்டினோம். கதவைத் திறந்தது யார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பாங்காக்கில் இறங்கியவனை வண்டியில் ஏற்றி, எல்லையைத் தாண்டி, கம்போடியாவில் ஒரு பெரிய மதிலுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பொய்ப் பெயரில், பொய்ப் படத்தை வைத்து, முகம் தெரியாதவர்களிடம் பேசிப் பேசிப் பணத்தைக் கறக்க வேண்டும். அதுதான் அந்தக் கம்ப்யூட்டர் வேலை. மாட்டேன் என்றால் அடி. பேப்பரில் எல்லாம் வந்ததுதான். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் பேச விடுவார்கள், பக்கத்தில் ஆளை நிறுத்திவிட்டு. கழிவறையிலிருந்து திருட்டுத்தனமாக ஒரே ஒரு தடவை உண்மையை எழுதி அனுப்பினான். ‘யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. புகார் குடுத்தா என்னைக் கொன்னுருவாங்க.’

அந்தச் செய்தியை ரத்தினபாய் என்னிடம் மட்டும் காட்டினாள். போலீசுக்குப் போகலாம், மந்திரி ஆபீசுக்கு எழுதலாம் என்று நான் குதித்தேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். பயம் பாதி, வெட்கம் பாதி. சாட்சி சொன்ன வாயால் அதே சபையில் எப்படி மாற்றிச் சொல்வாள்? சபையில் கேட்டவர்களுக்கெல்லாம், “நல்லா இருக்கான், கர்த்தர் நடத்துறார்” என்றே சொல்லிவந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது டூர் என்கிறாள். தாம்பரத்தில் ஒரு ஏஜென்சியில் ஐந்து நாள் திட்டம். அங்கோர் கோயில், படகு சவாரி, ஒரு நாள் சொந்தமாகச் சுற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நான்கு நாளும்.

“ஜெர்சன் இருக்கிற ஊர், கோயில் ஊர்லேர்ந்து மூணு மணி நேரம்தான்க்கா. மேப்ல பார்த்தேன். அவன்கிட்ட சொல்லிட்டேன். கேட்டுக்கு எதிர்ல ஒரு கடை இருக்காம். பத்து நிமிஷம் விடுவாங்களாம்.”

“பத்து நிமிஷத்துல என்னடி பண்ணப்போற?”

“கையப் புடிச்சு இழுத்துகிட்டு வந்துருவேன்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நர்சரியில் குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிற மாதிரியான பேச்சு. எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் பதிலாக எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். உட்காரவைத்து யோசனை சொன்னேன்.

பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வேறு பையில் வை. ஒரு மாற்று உடை கைப்பையில் இருக்கட்டும், பெட்டி தொலைந்தாலும் தொலையும். பிரஷர் மாத்திரையை டாக்டர் சீட்டோடு எடுத்துப் போ. ஹோட்டலில் இறங்கியதும் அவர்கள் பாஷையில் முகவரி அடித்த கார்டு கேட்டு வாங்கிக்கொள், வழி தவறினால் அதைக் காட்டினால் போதும். தெரியாத வண்டியில் ஏறாதே. கூட்டத்தை விட்டுப் பிரியாதே.

கடைசி இரண்டையும் சொல்லிவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன். தெரியாத வண்டியில் ஏறி, கூட்டத்தை விட்டுப் பிரிவதற்குத்தானே போகிறாள்.

“பாஸ்போர்ட் இல்லாதவனை எப்படிக்கா கூட்டிட்டு வர்றது?” என்று கேட்டாள்.

அதையும் தேடிப் பார்த்துச் சொன்னேன். தலைநகரத்துக்குப் போய் நம் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வாங்க வேண்டும். சொல்லச் சொல்ல, அந்தக் கேட்டிலிருந்து தூதரகம் எத்தனை தூரம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவளை முன்னால் வரச்சொல்லி, பிள்ளையைப் பார்க்கப் போகும் சகோதரி என்று ஜெபம் பண்ணினார். ஆளுக்கு ஆள் யோசனை. ஊறுகாயைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள் என்றார்கள். வெயிலுக்குத் தொப்பி வாங்குங்கள் என்றார்கள். பிள்ளையோடு நிறைய போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்கள் என்றார்கள். எல்லாவற்றுக்கும் சிரித்தாள். எனக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.

போனாள். கோயில் வாசலில் தொப்பியோடு நிற்கிற படம் சபை குரூப்பில் வந்தது. முப்பது நாற்பது பேர் இதயம் போட்டார்கள். சொந்தமாகச் சுற்றுகிற அந்த நாளில் மட்டும் படம் எதுவும் வரவில்லை. நான் அன்றைக்கு முழுக்கச் சோறு திங்கவில்லை.

திரும்பி வந்தவள் தனியாக வந்தாள். ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மாடிக்கு வரச்சொல்லிக் காபி கொடுத்தேன். ஆறிப்போகும் வரை கையிலேயே வைத்திருந்தாள்.

“பார்த்தேன்க்கா. வந்தான். பின்னாடியே ஒருத்தன் வந்து பக்கத்து மேசையில உட்கார்ந்தான். பாதியா இருக்கான் என் புள்ள. கையப் புடிச்சேன், ‘வாடா போயிரலாம்’னேன். ‘அம்மா, கைய விடுங்க, அவன் பார்க்கிறான்’னான்.”

“அப்புறம்?”

“பணம் கேட்கலைக்கா அவங்க. ஆள் கேட்கிறாங்க. இவனுக்குப் பதிலா ரெண்டு பேரை ஊர்லேர்ந்து வரவழைச்சுக் குடுத்தா இவனை விட்டுருவாங்களாம். ஒருத்தன் வந்துட்டானாம், வேற ஏதோ ஊர்ப் பையன். ‘இன்னும் ஒருத்தன்தாம்மா, பேசிட்டேன், வர்றேன்னு சொல்லிட்டான்’னு சொல்றான். என் முகத்தப் பார்க்காம சொல்றான்.”

நான் எழுந்துவிட்டேன். “நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லலக்கா. பத்து நிமிஷம் முடிஞ்சிருச்சு. போறப்ப சொன்னான், ‘இங்க போட்டோ எடுக்காதீங்க. பாட்டில் தண்ணி மட்டும் குடிங்க. இருட்டறதுக்குள்ள கோயில் ஊருக்குப் போயிருங்க. படகு சவாரி நல்லா இருக்குமாம், மிஸ் பண்ணாதீங்க’ன்னு.” இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு உடைந்தது. “படகு சவாரிக்குப் போனேன்க்கா. அவன் சொன்னானேன்னு போனேன்.”

“ரத்தினா, ரெண்டு பேரில்ல, இருபது பேர் குடுத்தாலும் விடமாட்டாங்க. அந்த இன்னொரு பையன் யாருன்னு கேளு. அவனையாவது நிறுத்தலாம்” என்றேன். அவள் காபியைக் குடிக்காமலே இறங்கிப் போனாள்.

அந்த இன்னொரு பையன் யார் என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் ரத்தினபாய் வீட்டில் இருந்தபோது அவன் அம்மாவே வந்தாள். கூடுவாஞ்சேரி பியூலா. முன்பு எங்கள் சபையில் இருந்தவள், சபை குரூப்பில் இன்னும் இருக்கிறாள். கையில் ஒரு டப்பா லட்டு, முகமெல்லாம் பல்.

“அக்கா, எங்க டெனிஸுக்கும் அங்கயே வேலை கிடைச்சிருச்சு. எல்லாம் உங்க ஜெர்சனாலதான். கூடப் பொறந்த அண்ணன் மாதிரி பேசிப் பேசி வாங்கிக் குடுத்துட்டான். வியாழக்கிழமை ஃப்ளைட். நீங்க இப்பதானே போயிட்டு வந்தீங்க, என்ன எடுத்துகிட்டுப் போகச் சொல்லட்டும்?”

ரத்தினபாய் சுவரைப் பார்த்தாள். நான் பேசினேன். வேலை இல்லை, அது ஒரு ஜெயில், பாஸ்போர்ட்டைப் பிடுங்குவார்கள், ஜெர்சனே உள்ளே கிடந்து சாகிறான், உன் பிள்ளையை அனுப்பாதே. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

பியூலாவின் சிரிப்பு போய்விட்டது. ஆனால் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. “ஜோசலின் அக்கா, யாரு நல்லா இருந்தாலும் உங்களுக்குக் குத்தம் சொல்லணும். என் கல்யாணத்துலயே பிரியாணியக் குத்தம் சொன்னவங்க நீங்க.” சொன்னது உண்மைதான். பிறகு ரத்தினபாயிடம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்கக்கா. நேர்ல பார்த்தது நீங்கதானே. ஜெர்சன் நல்லா இருக்கானா இல்லையா?”

ரத்தினபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் என்ன சொல்ல வேண்டும் என்று கடவுளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“ஒரு போர்வை குடுத்து விடு பியூலா,” என்றாள். “ரூம்ல ஏசி ஜாஸ்தியாம்.”

பியூலா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ரத்தினபாயை அறைய வேண்டும் போல இருந்தது. பியூலா போன பிறகு கையை ஓங்கியே விட்டேன். அவள் அடியை வாங்கத் தயாராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் எங்கே அடிப்பது? கையை இறக்கிக்கொண்டேன்.

பாஸ்டருக்குச் சொன்னேன். அவர் விசாரித்துவிட்டு, “ரத்தினபாய் அம்மா அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்கிறாங்களே” என்றார். போலீஸ் ஸ்டேஷனிலும் போய் உட்கார்ந்தேன். பையனின் அம்மா அப்பாவை எழுதித் தரச்சொல்லுங்கள் என்றார்கள். கடைசியில் டெனிஸையே ஃபோனில் பிடித்தேன். மரியாதையான பையன், நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான். முடித்ததும் சிரித்தான்.

“ஆன்ட்டி, நானும் முதல்ல பயந்தேன். நியூஸ்ல என்னென்னமோ போடுறாங்களே. ஆனா ஜெர்சன் அண்ணா அம்மா கோயில் முன்னாடி நிக்கிற போட்டோவ அம்மா ஃபோன்ல பார்த்தேன். பெத்த அம்மாவே போய்ப் பார்த்துட்டு நல்லபடியா வந்திருக்காங்க. தப்பான இடமா இருந்தா புள்ளைய அங்கயே விட்டுட்டு வருவாங்களா?”

வியாழக்கிழமை அவன் விமானம் ஏறினான். ஜெர்சன் இன்னும் வரவில்லை.