இரண்டாவது கேள்வி

“அம்மா, முழிச்சிட்டியான்னு மட்டும் கேக்குறீங்க. ஸ்கூலுக்கு ரெடியான்னு ஏன் கேக்க மாட்டேங்கிறீங்க?”

ஆறு வயதில் மகள் மாதவி போர்வைக்குள்ளிருந்து கேட்ட கேள்வி அது. புனிதா அன்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று வருடம் கழித்து, பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் அது நினைவுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு அவளுடைய குழு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தது. ஒரே பெரிய நிரலாக இல்லாமல், சின்னச் சின்னச் சேவைகளாக. முன்பதிவுக்கு ஒன்று, நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்து வரும் வேனுக்கு ஒன்று. இப்படிப் பிரித்து எழுதுகிறவர்களுக்கென்று பல நிறுவனங்கள் கூடி வகுத்த பொது விதிமுறை உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஒவ்வொரு சேவையும் இரண்டு கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும் என்கிறது அது. உயிரோடு இருக்கிறாயா? வேலைக்குத் தயாரா?

கெடு நெருங்கிய அவசரத்தில் புனிதா முதல் கேள்வியின் பதிலையே இரண்டாவது கேள்விக்கும் ஒட்டிவிட்டாள். பிறகு திருத்தலாம் என்று நினைத்தாள். மறந்தும் போனாள்.

வியாழக்கிழமையிலிருந்து வேன் சேவைக்கு, பதிவுகளைச் சேமிக்கும் தகவல் கிடங்கோடு தொடர்பு வந்து வந்து போனது. உயிர் இருந்ததால் அது ‘தயார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வந்த பதிவுகளை வாங்கி, எங்கும் எழுதாமல் விட்டது; வேன் ஓட்டுநருக்குத் தகவலே போகவில்லை. புகாரில் ஒரு பெயர் இருந்தது: இராஜம்மா, பண்டமாரான் அடுக்குமாடி. இரண்டு மணி நேரம் வேனுக்குக் காத்திருந்து சிகிச்சையைத் தவறவிட்டவர். அடுத்த முறை சனிக்கிழமை காலை. அதுவும் தவறினால் உடம்பு தாங்காது.

“அரை நாள் வேலை பாஸ், திருத்திடுறேன்,” என்றாள் மேலாளர் பரமேஸ்வரனிடம்.

“கை வைக்காதம்மா. மாசக் கடைசி கணக்குன்னு கிளையண்ட் சிஸ்டத்தைப் பூட்டி வெச்சிருக்கான். கெஞ்சியும் பாத்துட்டேன். திங்கக்கிழமைதான் லா.”

நிலையத்துக்குப் போன் செய்தாள். “ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையா இருக்கே மிஸ்,” என்றாள் அங்கிருந்த பெண். “பச்சைன்னா ஓகேன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

“அதை நம்பாதீங்க. சனிக்கிழமை வர்றவங்களுக்கு நீங்களே போன் பண்ணிக் கேளுங்க.”

“நாப்பது பேரு மிஸ். நான் ஒரு ஆளு. முடிஞ்ச வரைக்கும் பாக்குறேன்.”

அன்று மாலை கோயிலில் நின்றவளுக்கு என்ன வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை. நாற்பது பேரிடமும் போக அவளிடம் நாற்பது கார் இல்லை. ஒன்று இருந்தது.

சனிக்கிழமை காலை பண்டமாரானுக்கு வேன் வரவில்லை. கீழ்த்தள வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், முகம் ஊதிப்போய் இராஜம்மா மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

“சென்டர்லேர்ந்தா வர்றே? வேன் என்னாச்சு?”

“வேன் வராது ஆன்டி. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நல்லாருப்பேம்மா. அன்னிக்கு வேன்காரன் மறந்துட்டான் போல. பாவம், அவனைத் திட்டிப்புடாதீங்க. பிள்ளைகுட்டிக்காரன்.”

“அவர் மேல தப்பில்ல ஆன்டி.” புனிதாவின் கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். எல்லாச் சேவையும் தயார் என்று பச்சை எரிந்தது. உள்ளே போட்டாள்.

“ரெடியா ஆன்டி?”

“எங்கம்மா, கால் வீங்கிக் கெடக்கு. செருப்பு ஏற மாட்டேங்குது.”

வாசலில் வேறு யாரும் இல்லை. புனிதா தரையில் மண்டியிட்டாள். செருப்பின் வாரைக் கடைசித் துளைவரை தளர்த்தி, அந்தப் பாதத்தை இரு கையாலும் ஏந்தி, மெல்ல உள்ளே வைத்தாள்.